காத்தாடிக்கு நிலம் தேடியவர்கள்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில், முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் வாசலில் வண்டியை ஓரங்கட்டித் திருநீறு வாங்கிக்கொள்ளும் ஓட்டுநர்கள் இன்றும் உண்டு. ஆனி, ஆடியில் அங்கே இறங்கி நின்றால் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் பேச வேண்டும். அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே பாய்கிற இடம் அது. செங்கோட்டை, கம்பம், பாலக்காடு என்று தமிழ்நாட்டுக்கு இதுபோல இன்னும் மூன்று வாசல்கள் உண்டு.

காற்று என்றைக்கும் இருந்தது. அதற்குக் கணக்கு இல்லை. அந்தக் கணக்கை எழுதத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் அன்னா மணி. பீர்மேட்டில் பிறந்து, வானிலைத் துறையில் துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வுபெற்றவர். அதன் பிறகும் ஓயாமல் நாடெங்கும் காற்றின் வேகத்தைத் திரட்டி, 1983இல் நூலாக வெளியிட்டார். காற்றாலைத் திட்ட மேலாளர் என்ற வேலைக்குப் பெயரே இல்லாத காலம் அது. ஆனால் அவ்வேலையின் முதல் படி இன்றுவரை அதேதான்: கம்பம் நட்டு, கிண்ணம் சுழலும் கருவியைப் பொருத்தி, குறைந்தது ஓராண்டு காத்திருப்பது.

1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அரசின் முதல் காற்றாலைகள் சுழன்றன. அந்நாளைய எந்திரம் ஒன்றின் திறன் 55 கிலோவாட்தான். டென்மார்க் உதவியோடு கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் அடுத்த கட்டம் எழுந்தது. ஊர்க்காரர்கள் காற்றாலை என்றெல்லாம் சொல்லவில்லை; காத்தாடி என்றார்கள், இன்னமும் அப்படித்தான்.

தொழிலாக இது சூடுபிடித்தது 1990களில். அதற்குக் காரணம் காற்று என்பதைவிட வருமான வரி என்பதே பொருத்தம். காற்றாலையின் விலை முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொன்னது. கோவை, திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலைக்காரர்கள் தெற்கே வந்தார்கள். முப்பந்தலில் விளைந்த மின்சாரத்தை மின்வாரியத்தின் கம்பி வழியே தங்கள் ஆலைக்குக் கொண்டுபோகலாம். காற்றுக் காலத்தில் மிஞ்சிய யூனிட்டுகளை வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளலாம். வங்கியில் பணம் போடுவது போலத்தான்; இந்த ஏற்பாட்டுக்கு ‘பேங்கிங்’ என்றே பெயர்.

ஆனால் ஒரு நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடிய எந்திரத்துக்குப் பாதித் தேய்மானம்தான். ஆகவே மேலாளரின் நாட்காட்டியில் இரண்டு கெடுக்கள்: செப்டம்பர் கடைசி, மார்ச் 31. இதில் மார்ச் கெடு வேடிக்கையானது. இலை அசையாத மாதத்தில் இரவு பகலாகக் கிரேன் ஓட்டி எந்திரத்தை ஏற்றி, மின்தொகுப்பில் இணைத்தாகிவிட்டது என்று சான்று வாங்கிவிட்டு, காற்றுக்கு மே வரை காத்திருப்பார்கள்.

அந்த மேலாளர்கள் பொறியியல் படித்தவர்கள்தான். பாதி நாள் கழிந்ததோ சார்பதிவாளர் அலுவலகத்தில். ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கம் உடைமுள்ளும் பனையும் நின்ற மானாவாரிப் புஞ்சை, தாத்தா பெயரில் பட்டா, ஏழு வாரிசுகள், அதில் இருவர் மும்பையில். அவர்களிடம் பவர் பத்திரம் வாங்கி, வில்லங்கம் போட்டுப் பார்த்து, பாதைக்குப் பக்கத்து வயற்காரரைச் சமாதானப்படுத்தி முடித்தால்தான் அஸ்திவாரத்துக்கு நாள் குறிக்க முடியும். காற்றின் போக்கைக் கணிக்க மென்பொருள் வந்தது. மும்பைப் பேரனின் மனத்தைக் கணிக்க எதுவும் வரவில்லை.

நிலத்தை வென்றவர்களைக் கம்பி தோற்கடித்தது. எந்திரங்கள் பெருகிய வேகத்துக்கு மின்பாதைகள் பெருகவில்லை. 2010களின் தொடக்கத்தில் காற்று உச்சத்தில் அடிக்கும்போது எந்திரத்தை நிறுத்தச் சொல்லித் தகவல் வருவது வழக்கமாயிற்று. ஓராண்டு வருமானத்தின் பெரும்பகுதி நாலைந்து மாதத்தில் வர வேண்டிய தொழிலில் இதைவிட வயிற்றெரிச்சல் வேறில்லை.

2017 பிப்ரவரியில் காற்று மின்சாரத்துக்கு நடந்த முதல் தேசிய ஏலத்தில் யூனிட் விலை 3 ரூபாய் 46 காசுக்கு இறங்கியது. இந்த விலைப் போட்டியில் நூற்பாலை முதலாளியின் இடத்தைப் பெருநிறுவனங்கள் பிடித்தன. குஜராத்தின் கட்ச் பக்கம் திட்டங்கள் நகர்ந்தன. தெற்கில் தொழில் பழகிய பலரும் கூடவே போனார்கள். நிறுவுதிறனில் நெடுங்காலம் நாட்டின் முதலிடத்தில் இருந்த தமிழ்நாட்டை குஜராத் முந்தியது.

இப்போது பேச்செல்லாம் பழைய காத்தாடிகளைக் கழற்றிவிட்டுப் பெரியவற்றை நடுவதைப் பற்றி. 2024இல் தமிழ்நாடு அரசு இதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. 55 கிலோவாட்டில் தொடங்கிய இடத்தில் இன்று 3,000 கிலோவாட் எந்திரம் நிற்கலாம். ஆனால் சிறகு நீள நீள, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே விடவேண்டிய தூரமும் கூடுகிறது. பெரியது ஒன்றை நட, அக்கம்பக்கத்துச் சிறியவை பலவற்றைக் கழற்ற வேண்டும். அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு முதலாளியுடையது. மேலாளர்கள் மறுபடியும் வில்லங்கச் சான்றுக்கு மனுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.