கருவுறும் வாரங்களின் உணவு: மரபணு வெளிப்பாடும் பொறுப்பும்

வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்டால் மரபணுக்களின் போக்கையும் மாற்றிவிடலாம் என்ற கருத்து இன்று நலவாழ்வு உரைகளில் தாராளமாகப் புழங்குகிறது. அதில் உண்மை இருக்கிறது. புகைபிடிப்பவர்களின் இரத்த அணுக்களில் ஏ.எச்.ஆர்.ஆர். மரபணுவின் மெத்திலேற்றம் (மரபணு வெளிப்பாட்டை மாற்றக்கூடிய வேதிக் குறி) குறைவதும், பழக்கத்தை விட்டபின் ஆண்டுகள் செல்லச் செல்ல அது பெருமளவு மீள்வதும் பல ஆய்வுகளில் உறுதியாகியுள்ளன. ஆயினும் நெடுங்காலம் நிலைக்கும் தடங்கள் சில, கருவுற்றதைத் தாயே அறியாத வாரங்களில் பதிந்துவிடுகின்றன. அவற்றுக்கான பொறுப்பைத் தனிமனித ஒழுக்கத்தின்மீது சுமத்த இந்த அறிவியல் இடம் தருவதில்லை என்பதே என் வாதம்.

இதற்கு வலுவான சான்று நெதர்லாந்தின் பசிக் குளிர்காலம். 1944 செப்டம்பரில், நேசப்படைகளுக்கு உதவும் பொருட்டு, லண்டனிலிருந்து இயங்கிய டச்சு அரசு ரயில் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தது. பதிலடியாக ஜெர்மானியர் மேற்கு மாகாணங்களுக்கு உணவு செல்வதைத் தடுத்தனர்; பின்னர் தடை தளர்ந்தபோது கால்வாய்கள் உறைந்துபோயிருந்தன. நவம்பர் இறுதியில் ஒருவருக்கான நாள் பங்கீடு 1000 கலோரிக்குக் கீழே இறங்கியது. அடுத்த மாதங்களில் 400 முதல் 800 வரையே கிடைத்தது. 1945 மே மாத விடுதலையோடு உணவு விரைவில் சீரானது. பஞ்சத்தின் தொடக்கமும் முடிவும் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதால், கருவின் எந்தக் கட்டத்தில் பசி தாக்கியது என்பதைப் பிறந்த தேதியைக் கொண்டே கணிக்க முடிகிறது. 1976இல் வெளியான ஆய்வு 19 வயதில் படைத்துறைப் பரிசோதனைக்கு வந்த சுமார் 3 லட்சம் ஆண்களை ஆராய்ந்தது. கர்ப்பத்தின் முற்பாதியில் பஞ்சத்துக்கு ஆளானவர்களிடம் உடற்பருமன் கூடுதல். இறுதி மாதங்களில் ஆளானவர்களிடம் குறைவு. ஒரே பசி, காலம் மாறியதும் எதிரெதிர் விளைவுகள்! 2008இல் ஆய்வாளர் ஹெய்மான்ஸின் குழுவினர், கருவுறும் காலத்தில் பஞ்சத்துக்கு ஆளான 60 பேரை, ஆளாகாத அதே பாலின உடன்பிறப்புகளுடன் ஒப்பிட்டனர். சுமார் 60 ஆண்டுகளுக்குப் பின்னரும் பஞ்சத்துக்கு ஆளானவர்களது ஐ.ஜி.எஃப்.2 மரபணுவின் ஒரு பகுதியில் மெத்திலேற்றம் 5.2 விழுக்காடு குறைவாக இருந்தது. கர்ப்பத்தின் இறுதியில் ஆளானவர்களிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை. உடன்பிறப்புகளை ஒப்பிட்டதால், குடும்பச் சூழலும் பரம்பரையும் குழப்புவதற்கான வாய்ப்பு பெரிதும் சுருங்கியது.

5 விழுக்காடு மிகச் சிறிது, அதுவும் இரத்தத்தில் அளந்தது என்ற மறுப்பு நியாயமானது. இதையே நோய்க்குக் காரணமென்று யாரும் அறுதியிட முடியாது. பசி எப்போது தாக்கியது என்பதைக் காட்டும் அடையாளமாகக் கொள்வதே பொருந்தும். இன்னும் ஆழமான மறுப்பு 2018இல் வந்தது: குறிப்பிட்ட மெத்திலேற்ற அமைப்புள்ள கருக்களே பஞ்சத்தைத் தாங்கிப் பிழைத்திருக்கலாம், அப்படியானால் நாம் காண்பது கருவின் தகவமைப்பு அன்று, பிழைத்தவற்றின் தேர்வு. இதை ஒதுக்கிவிட இயலாது. ஆனால் அவ்விளக்கமே சரியென்றாலும் என் வாதம் தளர்வதில்லை. பசி தாக்கியது அதே வாரங்களில்தான், அதைத் தேர்ந்தெடுத்தவர் கருவுமில்லை, தாயுமில்லை.

அப்படியானால் பழி தாய்மீது விழாதா? விழுந்துகொண்டுதான் இருக்கிறது, அது பெரும் அநீதி. புனே அருகிலுள்ள கிராமங்களில் 1993இல் ஆய்வாளர் யாக்னிக் தொடங்கிய ஆய்வில், கர்ப்பத்தில் வைட்டமின் பி12 குறைந்தும் ஃபோலேட் மிகுந்தும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு 6 வயதில் இன்சுலின் எதிர்ப்பு கூடுதலாக இருந்தது. பி12 தரும் பாலும் இறைச்சியும் அரிதாகவே சேரும் உணவை வறுமையும் மரபும் தீர்மானிக்கும்போது, அதைத் தாயின் வாழ்க்கை முறைத் தேர்வு என்பது பொருந்தாது. மேலும், கர்ப்பத்தைப் பதிவு செய்த பிறகே தொடங்கும் ஊட்டச்சத்து உதவி, இந்த முதல் வாரங்களைத் தவறவிடுகிறது. மும்பைக் குடிசைப் பகுதிகளில் கீரை, பழம், பால் சேர்த்த சிற்றுண்டியைக் கருவுறுவதற்கு முன்பிருந்தே பெண்களுக்கு வழங்கிப் பார்த்தார்கள். பங்கேற்ற அனைவரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது பிறப்பு எடையில் தெளிவான உயர்வு தெரியவில்லை. கருவுறுவதற்குக் குறைந்தது 90 நாட்களுக்கு முன்பே தொடங்கியவர்களிடம் மட்டும் சராசரி உயர்வு சுமார் 48 கிராம். குழுவின் ஒரு பகுதியில் மட்டும் தெரிந்த சிறு உயர்வை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. எனினும் அடுத்த சோதனைகள் திருமணமான நாளிலிருந்தோ, வளரிளம் பருவத்திலிருந்தோ தொடங்கப்பட வேண்டும் என்று கோர இதுவே போதுமான காரணம்.