விலைக்கு வாங்கிய நெருப்பு

ஒரு கோழியின் காரணமாக என் தம்பி மகளிடம் நான் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் பின்னால் வரும் எண்ணூறு ஆண்டுச் சரித்திரம் எதற்காக என்று வாசகர்களுக்கு விளங்கும்.

அவள் அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாநிலத்தில் இருக்கிறாள். கணவன், மனைவி இருவருக்கும் உத்தியோகம். நான் போய்ச் சேர்ந்த மறுநாள், மாலை ஆறரை மணிக்கு வேலையிலிருந்து திரும்பியவளின் கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. உள்ளே பொன்னிறமாகச் சுட்ட முழுக் கோழி. மூடியில் ஆவி முத்து முத்தாகப் படிந்திருந்தது. அந்த நாட்டுப் பலசரக்குக் கடைகளில், பெரிய கண்ணாடி அடுப்புக்குள் கோழிகளைக் கம்பியில் கோத்துச் சுழலவிட்டுச் சுட்டு விற்கிறார்கள். சுழலும்போது கோழியின் கொழுப்பு உருகி அதன் மேலேயே வழிந்து ஓடுவதால் சதை வறண்டு போவதில்லை. ரொட்டிசரி கோழி என்று பெயர்.

"பெரியப்பா, அரை மணியில் சாப்பாடு தயாராகிவிடும்" என்றாள்.

என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. "கடையில் வாங்கியதற்கு அரை மணி எதற்கம்மா? பெட்டியைத் திறந்து வைத்தால் முடிந்தது. உன் பாட்டி இருந்திருந்தால் கோழி அடித்து, மசாலை அரைத்து, தன் கையால் சமைத்துப் போட்டிருப்பாள்" என்றேன்.

அவள் பதில் பேசவில்லை. சூடு ஆறுவதற்குள் சதையை விரலால் பிய்த்து எடுத்தாள். எலும்புகளை ஒரு பாத்திரத்தில் போட்டு, தண்ணீர் ஊற்றி, வெங்காயமும் மிளகும் பிரிஞ்சி இலையும் சேர்த்துச் சிறு தீயில் வைத்தாள். அது மறுநாள் சூப்புக்கு. இன்னொரு அடுப்பில் வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டு எல்லாம் வதங்கி, மசாலையும் தேங்காய்ப் பாலும் சேர்ந்து கொதித்து, குழம்பு முழுவதும் தயாரான பிறகுதான் கோழித் துண்டுகளை உள்ளே போட்டாள். வெந்ததை மறுபடி வேகவைத்தால் நார் நாராகிவிடுமாம். உப்பையும் பாதிதான் போட்டாள். சுடுவதற்கு முன்பே உப்பு நீரைக் கோழிக்குள் ஏற்றிவிடுவது பல கடைகளின் வழக்கமாம்.

சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல என் கௌரவம் இடங்கொடுக்கவில்லை.

மறுநாள் அவர்கள் இருவரும் வேலைக்குப் போனபின், பொழுது போகாமல் ஊர்ப் புத்தகசாலைக்குப் போனேன். சமைத்ததை விலைக்கு வாங்கும் சோம்பேறித்தனம் எப்போது தொடங்கியது என்று பார்த்துவிடுவது என் எண்ணம். தேடப் போனது ஒன்று, கிடைத்தது வேறொன்று.

ஆர்ச்பிஷப் தாமஸ் பெக்கெட்டிடம் பணிபுரிந்த வில்லியம் ஃபிட்ஸ்டீஃபன் என்பவர், 1170-களில் தம் எஜமானரின் சரித்திரத்தை எழுதினார். அதன் முகப்பில் லண்டன் மாநகரை வர்ணிக்கிறார். தேம்ஸ் நதிக்கரையில் பொதுச் சமையற்கடை ஒன்று இருந்ததாம். சுட்டது, பொரித்தது, வேகவைத்தது எல்லாம் அங்கே கிடைக்கும். மீனும் உண்டு, பறவைகளும் உண்டு. களைத்த நண்பர்கள் திடீரென்று வீட்டுக்கு வந்துவிட்டால், உலை வைத்துச் சமைக்கும்வரை அவர்களைப் பட்டினி போடாமல், நதிக்கரைக்கு ஓடி வேண்டியதை வாங்கி வந்து விடுவார்களாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை அவர். நகர வாழ்வின் பெருமைகளில் ஒன்றாகச் சொல்கிறார்! களைத்து வந்த விருந்தாளி, கடைக்கு ஓடும் வீட்டார் - இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று எனக்குச் சுருக்கென்றது.

பாரிஸ் நகரத்தில் பெருவாத்து சுட்டு விற்பவர்களுக்கென்றே ஒரு தெரு இருந்தது. வாத்தைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல் வழக்கொழிந்ததும், ஜனங்கள் அதைக் கரடியைக் குறிக்கும் சொல்லாக மாற்றிவிட்டார்கள். வாத்துத் தெரு இன்று கரடித் தெருவாக நிற்கிறது. கரடியை யாரும் அங்கே சுட்டு விற்றதில்லை.

என்னை உண்மையில் உலுக்கியது 1378-ஆம் ஆண்டு லண்டன் நகரசபை போட்ட ஒரு விலைப்பட்டியல். சுட்ட கோழி இன்ன விலை, சுட்ட வாத்து இன்ன விலை என்று வரிசையாக நிர்ணயித்துவிட்டு, இன்னொன்றும் சொல்கிறது. வாடிக்கைக்காரர் தாமே பறவையைக் கொண்டுவந்தால், அதை மாவுக்குள் பொதிந்து வேகவைத்துத் தருவதற்குச் சமையற்காரர் தனிக் கூலி வாங்கலாம். எதற்கெல்லாம் தெரியுமா? மாவுக்கு, நெருப்புக்கு, படுகிற பாட்டுக்கு! சேவல் ஒன்றுக்கு ஒன்றரைப் பெனி.

நெருப்புக்கும் பாட்டுக்கும் விலை உண்டு என்பதை அந்த நகரசபை அன்றே எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது. ஒற்றை அறையில் குடியிருந்தவனுக்குச் சரியான அடுப்பு ஏது? விறகும் காசு கொடுத்து வாங்க வேண்டியது. கம்பியைச் சுழற்றுவது அதைவிடச் சிரமம். பெரிய வீடுகளில் அதற்கென்றே சிறுவர்களை நெருப்பருகில் நிறுத்தினார்கள். பிற்காலத்து இங்கிலாந்தில் குட்டைக்கால் நாய்களைச் சுவரில் பொருத்திய சக்கரத்துக்குள் ஓடவிட்டுக் கம்பியைச் சுழற்றினார்கள்.

ஆனால் கோழி அப்போதெல்லாம் மலிவான பண்டம் அல்ல. அதை மலிவாக்கியது அமெரிக்கா. அதுவும் ஒரு தவறினால் தொடங்கியது. 1923-ல் டெலவேர் மாநிலத்தில் செசில் ஸ்டீல் என்ற பெண்மணி முட்டைக்காக ஐம்பது குஞ்சுகள் கேட்டிருந்தார். வந்து இறங்கியவை ஐந்நூறு. திருப்பி அனுப்பாமல், இறைச்சிக்காக வளர்த்து, ராத்தல் 62 சென்ட் விலைக்கு விற்றார். சில ஆண்டுகளில் அவரிடம் பதினாயிரம் கோழிகளுக்கு இடம் இருந்தது. ஊரே அவரைப் பின்பற்றியது. 1948-ல் 'நாளைய கோழி' என்று தேசியப் போட்டி ஒன்று நடத்தி, மார்பு பருத்து விரைவில் வளரும் இனங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1925-ல் 2½ ராத்தல் எடைக்கு வர 112 நாள் பிடித்த கோழி, இன்று ஏறத்தாழ 47 நாளில் ஆறு ராத்தலைத் தாண்டுகிறது. சில கோழிகளுக்குத் தம் எடையைத் தம் கால்களே தாங்குவதில்லை. காஸ்ட்கோ என்ற பெருங்கடை 2009 முதல் சுட்ட கோழியை 4.99 டாலருக்கே விற்று வந்திருக்கிறது. அந்த விலையைக் காப்பாற்ற 2019-ல் நெப்ராஸ்காவில் சொந்தக் கோழி ஆலையே திறந்தது. பெட்டியை கடையின் கோடியில் வைப்பதும் கணக்கோடுதான். கோழியை எடுக்கப் போகிறவர் திரும்பி வருவதற்குள் நாலு சாமான் வாங்காமல் இருப்பாரா?

ஆகவே மலிவு என்பதும் யாரோ கொடுத்த விலைதான். அந்தக் கோழி தன் கால்களால் கொடுத்தது. லண்டன் சிறுவன் வெந்த முகத்தோடு கொடுத்தான். இதை எண்ணியபோது என் தாயாரின் நினைவு வந்தது.

தம்பி மகளிடம் அத்தனை ஜம்பமாகச் சொன்னேனே, பாட்டி தன் கையால் சமைப்பாள் என்று! ஈர விறகோடு மல்லாடி, ஊதுகுழலை ஊதி ஊதி, புகையில் இருமிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த காட்சியை மட்டும் நான் சொல்லவில்லை. நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் அவளுக்கு என்ன மிஞ்சியது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. ஒன்றரைப் பெனி வேண்டாம், "கஷ்டமாக இருக்கிறதா அம்மா?" என்ற ஒரு வார்த்தை? அதையும் நான் கொடுக்கவில்லை. கொடுக்காத கூலியைப் பெருமையாக மாற்றி, அடுத்த தலைமுறைப் பெண்ணின் தலையில் சுமத்தப் பார்த்தேன்.

அடுத்த வாரம் அவள் மறுபடியும் அந்தப் பெட்டியோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் சற்றுத் தயங்கினாள்.

"அன்றைக்கு நான் பேசியது தப்பு அம்மா. மனத்தில் வைத்துக்கொள்ளாதே" என்றேன்.

"ஐயோ, என்ன பெரியப்பா இது! நான் அதை அப்போதே மறந்துவிட்டேன்" என்றாள். மறக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"நீ போய் முகம் கழுவி, ஒரு வாய் காப்பி குடி. இன்றைக்குக் கோழியை நான் பிரிக்கிறேன்."

சிரித்துக்கொண்டே பெட்டியை என் கையில் கொடுத்தாள். விரல் சுடச் சுடப் பிய்த்தேன்; குழம்பையும் நானே வைத்தேன்; அவள் சொல்லித் தந்தபடி துண்டுகளைக் கடைசியில்தான் போட்டேன். எல்லாம் சரியாகவே அமைந்தது, உப்பைத் தவிர. கோழிக்குள் ஏற்கெனவே உப்பு இருக்கும் என்பதை மறந்துவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டாள்.