தாய்க்கோழி கொடுத்ததும் தீவன மூட்டை கொடுப்பதும்

வல்லம் வடகால், ஒரகடம் பக்கம் மதிய நேரத்தில் எத்தனை ஆயிரம் பேருக்குக் கோழி வேகிறதோ, யாருக்குத் தெரியும்? அநேகமாக எல்லாம் பிராய்லர்தான். சுமார் 40 நாளில் 2 கிலோ தேறும் அந்தக் கோழியின் குடலுக்குள் ஒரு 70 வருடச் சரித்திரம் இருக்கிறது.

அந்தக் காலத்தில் நம் வீடுகளில் அடைகாத்துப் பொரித்த குஞ்சு, சீக்கிரமே தாயோடு குப்பைமேட்டில் இறங்கிவிடும். மண்ணைக் கொத்தும், தாயின் எச்சத்தையும் கொத்தும். பார்க்க அருவருப்புதான். ஆனால் தாயின் குடலில் இருந்த நல்ல பாக்டீரியா குஞ்சுக்குப் போய்ச் சேர்ந்த வழி அது. இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுக்குத் தாய் ஏது? கிட்டத்தட்ட வெறுங்குடலோடு, ஆயிரக்கணக்கான குஞ்சுகளோடு ஒரே ஷெட்டில் இறங்குகிறது. எந்தக் கிருமி முந்துகிறதோ அதற்கே இடம்.

அமெரிக்காவில் லெடர்லே நிறுவனத்தின் ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் என்ற இரண்டு விஞ்ஞானிகள், 1940களின் கடைசியில் வைட்டமின் பி12 தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் தயாரித்தபின் மிஞ்சிய சக்கையைக் குஞ்சுகளுக்குப் போட்டார்கள். குஞ்சுகள் எதிர்பார்த்ததற்கும் மேல் வளர்ந்தன. சக்கையில் ஒட்டியிருந்த மருந்தின் வேலை அது என்று பிறகு தெரிந்தது. அதன்பின் உலகமெங்கும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தீவனத்தில் துளி மருந்து கலப்பது வழக்கமாகிவிட்டது. நம் ஊருக்கும் அது வந்தது. 1990களில் கொங்குப் பக்கம், குஞ்சையும் தீவனத்தையும் கம்பெனி கொடுக்க விவசாயி வளர்த்துக் கொடுக்கும் ஒப்பந்த முறை பரவி, ஞாயிற்றுக்கிழமைக் கறி தினசரிக் கறியானது.

இதற்கிடையில் பின்லாந்தில், 1971 வாக்கில், பிராய்லர் பண்ணைகளில் சால்மோனெல்லா பரவியது. நூர்மி, ரன்டாலா என்ற இருவர், ஆரோக்கியமான வளர்ந்த கோழியின் குடலில் இருப்பதை எடுத்து இளங்குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் கிருமியைத் தாக்குப்பிடித்தன. 1973ல் இது 'நேச்சர்' இதழில் வந்தது. நம் வீட்டுக் கோழி கேட்டிருந்தால் சிரித்திருக்கும்!

ஆனாலும் மருந்து மலிவு. அதனால் இந்த யோசனை வெகுநாள் ஓரமாகவே கிடந்தது. ஸ்வீடன் 1986லும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006லும் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் போடுவதை நிறுத்தின. நமக்கு உறைத்தது கொலிஸ்டின் விஷயத்தில். வேறு எந்த மருந்தும் கேட்காத நோயாளிக்கு ஐ.சி.யு.வில் டாக்டர்கள் கடைசியாகக் கையில் எடுக்கும் மருந்து அது. அதையே கோழித் தீவனத்திலும் கலந்தார்கள். அதை எதிர்க்கும் சக்தி ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது என்று 2015ல் சீனாவில் கண்டுபிடித்தார்கள். மருந்தைப் பார்த்துப் பயன்படுத்துங்கள் என்று 2012லேயே சென்னையில் மருத்துவச் சங்கங்கள் கூடிப் பிரகடனம் வெளியிட்டிருந்தன. 2019 ஜூலையில்தான் மத்திய அரசு கால்நடைகளுக்கும் கோழிக்கும் கொலிஸ்டினைத் தடை செய்தது. தாமதம்தான் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது அந்த இடத்துக்கு வருபவை புரோபயாட்டிக்கும் பிரீபயாட்டிக்கும். முதலாவது, உயிருள்ள நல்ல பாக்டீரியா. தயிரில் இருக்கும் லாக்டோபேசில்லஸ் வகை, தீவனத்தை நீராவியில் குருணையாக்கும் சூட்டில் பெரும்பாலும் செத்துவிடும். பேசில்லஸ் சப்டிலிஸ் வித்தாக உறங்கிக் கிடந்து அந்தச் சூட்டைத் தாண்டும், கோழிக் குடலில் போய் விழித்துக்கொள்ளும். இரண்டாவது, அந்த நல்ல பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. 1995ல்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள். வெங்காயத்திலும் பூண்டிலும் அந்தச் சத்து இருக்கிறது. என் அம்மா குஞ்சுகளுக்குச் சின்ன வெங்காயம் நறுக்கிப் போடுவார், பெயரெல்லாம் தெரியாமல். ஈஸ்ட்டின் மேல்தோலிலிருந்து எடுக்கும் இன்னொரு சர்க்கரை வேறு தந்திரம் செய்கிறது. குடல்சுவரில் ஒட்ட வரும் ஈ.கோலை அதைப் பிடித்துக்கொண்டு எச்சத்தோடு வெளியே போய்விடும்.

இது சர்வரோக நிவாரணி இல்லை. வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசிதான். ஆழ்கூளம் ஈரமாகக் கிடந்து, காற்றோட்டமும் இல்லாவிட்டால் எந்தப் பொடியும் காப்பாற்றாது. நன்றாகப் பராமரிக்கும் பண்ணையில் இதன் பலன் கொஞ்சமாகத்தான் தெரியும். கிராமத்தில் 200, 300 கோழி வளர்க்கும் நண்பர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: குளோரின் போட்ட தண்ணீரில் புரோபயாட்டிக்கைக் கலந்தால், காசு கொடுத்து வாங்கிய பாக்டீரியாவை நீங்களே கொன்றுவிடுவீர்கள். சந்தேகம் இருந்தால் காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையம் நமக்குத் தூரமில்லை, ஒரு நடை போய்க் கேட்டு வரலாம்.