கருவேப்பம்பூண்டியிலிருந்து ஒரு கடிதம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவர்களிலே, முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட குடவோலைச் சாசனங்களைச் சென்ற இதழில் பார்த்தோம். முப்பது குடும்புகளாகப் பிரிந்த ஊர் தன் வாரியத்தாரைத் தேர்ந்துகொண்ட முறையை அவை எவ்வளவு தெளிவாகச் சொல்கின்றனவோ, அவ்வளவு தெளிவாகவே, இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையும், வேத மந்திரப் பயிற்சியும் இல்லாதவன் அந்தச் சபையிலே அமர முடியாது என்பதையும் சொல்கின்றன. புண்ணிய ஸ்தலத்தின் சுவர் ஒன்று, யார் உள்ளே, யார் வெளியே என்று ஊருக்கு அறிவித்தது. அந்த வினாவைச் சுமந்துகொண்டே எண்ணூறு ஆண்டுகளைக் கடந்து இந்த வாரம் செல்வோம்.

1702-ஆம் வருஷத் தொடக்கத்தில், பிரெஞ்சு இயேசு சபைக் குருவான மொதுயி என்பவர், கர்நாடக ராஜ்யத்தின் மேற்குப் பகுதிகளில் தாம் செய்த யாத்திரையைத் தம் தாய்நாட்டுக்கு ஒரு கடிதமாக எழுதி அனுப்பினார். கடிதத்தின் தலைப்பில் 'காருவேபோந்தி' என்று பிரெஞ்சு உச்சரிப்பிலே சிதைந்து நிற்கும் ஊர், உத்திரமேரூர் வட்டத்துக் கருவேப்பம்பூண்டியே என்று நான் கொள்கிறேன். அக்காலத்தில் அவருடைய சகாவான புஷே சுவாமியார் தக்கோலத்தில் தங்கியிருந்தார். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி வகுத்த வழியைப் பின்பற்றி, காவி உடுத்து, மாமிசத்தை விலக்கி, சந்நியாசிகளாகவே இவர்கள் கிராமங்களில் வாழ்ந்தனர்.

அந்த வாழ்வின் தியாகத்தை நான் மனமார வணங்குகிறேன். ஆனால் அதற்குக் கொடுக்கப்பட்ட விலையைச் சொல்லாமல் சரித்திரம் எழுதுவது தர்மமாகாது. உயர்ந்த ஜாதியார் மதிக்கும் சந்நியாசி, சேரிக்குள் கால் வைத்தால் அந்த மதிப்பை இழப்பான். ஆகவே சேரியிலே மரணத்தறுவாயில் கிடந்த கிறிஸ்தவனுக்கு அவஸ்தைப்பூசுதல் என்னும் தேவதிரவிய அனுமானம் அவன் குடிசையிலே கிடைப்பது அரிதாயிற்று. ஞானஸ்நானம் பெற்ற அனைவரும் ஒரே சரீரத்தின் அவயவங்கள் என்பது சபையின் போதனை. அந்தப் போதனை குடிசை வாசலிலே தயங்கி நின்றது.

1703 நவம்பரில் பாப்பரசரின் பிரதிநிதியாகப் புதுச்சேரியில் வந்திறங்கிய மேய்யார் தெ தூர்னோன், நோயுற்று அந்நகரத்தைவிட்டு உள்நாட்டுக்குப் போகாமலே, 1704 ஜூன் 23 தேதியிட்ட பதினாறு விதிகளை வகுத்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, சாம்பல் பூசுதல், கோயில் உற்சவங்களில் கிறிஸ்தவ வாத்தியக்காரர் வாசித்தல் முதலியவற்றைத் தடுத்த அவ்விதிகளுள் பலவற்றைத் தமிழ் வாழ்வை அறியாத ஓர் அந்நியரின் கண்டிப்பு என்றே கருதுகிறேன். ஆயினும் சேரி நோயாளியின் வீட்டுக்குள்ளேயே குரு செல்ல வேண்டும் என்ற ஒரு விதி, மற்ற அத்தனையையும்விட ஆழ்ந்த வேத நியாயத்தை உடையது. புஷே முதலியோர் ரோமாபுரிக்கே சென்று வாதாடினர். விவகாரம் நாற்பது ஆண்டுகள் நீண்டு, 1744-இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் பிறப்பித்த சாசனத்தோடு முடிந்தது. சேரி மக்களுக்கென்று தனிக் குருக்களை நியமிப்பது என்னும் ஏற்பாடும் அப்போது எழுந்தது. கடமை நிறைவேறிற்று, பிரிவினை நீடித்தது.

இதற்கு அடுத்த வருஷமே நிகழ்ந்ததை ஆனந்தரங்கப் பிள்ளையின் தினப்படி சேதிக் குறிப்பு நமக்குக் காட்டுகிறது. புதுச்சேரி சம்பாக்கோயிலுக்குள்ளே சேரிக் கிறிஸ்தவரை மற்றவரிடமிருந்து மறைத்து எழுப்பியிருந்த சுவரைப் பற்றி, அப்பால் நின்றவர்கள் குருவினிடம் முறையிட, சுவர் இடிக்கப்பட்டது. உயர்ஜாதிக் கிறிஸ்தவர் கொதித்தெழுந்தனர். தங்கள் இடத்தைத் தாங்களே கேட்டுப் பெற்ற அந்தப் பெயர் தெரியாத மக்களையே இந்த அத்தியாயத்தின் நாயகர்களாக நான் காண்கிறேன். மூன்றே ஆண்டுகளில், 1748-இல், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, அதே கோயிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் ஆலயம் பிரெஞ்சு அதிகாரிகளால் இடிக்கப்பட்டது. பாதிரிமார் அந்த இடிப்பை நெடுநாள் விரும்பியிருந்தனர். மற்றவருடைய சந்நிதியை அழித்தவர்களின் செயலுக்கு எந்த வேதமும் சமாதானம் சொல்ல முடியாது.

அதன் பிறகு யுத்தங்கள். 1760-இல் வந்தவாசி, 1761-இல் புதுச்சேரியின் வீழ்ச்சி, 1780-இல் ஹைதரின் படையெடுப்பும் புள்ளலூர்ப் போரும் என்று காஞ்சிச் சீமை இரு தலைமுறைகள் சீரழிந்தது. 1773-இல் இயேசு சபையே கலைக்கப்பட, மூன்றாண்டுகளுக்குப் பின் பாரிஸ் வேதபோதக சபையார் புதுச்சேரி மிஷனை ஏற்றுக்கொண்டனர்.

சுவர் மட்டும் ஊர் ஊராகத் திரும்பத் திரும்ப எழுந்தது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய ஆலயம், ஜாதிக்கு ஒன்றாக இரண்டு நீண்ட கூடங்கள் ஒரே பீடத்தில் வந்து சேருமாறு அமைந்தமையால் 'கால்சட்டைக் கோயில்' என்றே பெயர் பெற்றது. மீண்டும் நிறுவப்பட்டிருந்த இயேசு சபையார் 1910-இல் தடுப்பை அகற்றினர். உயர்ஜாதியார் நீதிமன்றம் சென்றனர். தேவாலயத்துக்குள் ஜாதியின் பெயரால் தனியிடம் கோரும் உரிமை எவருக்கும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விசுவாசிகள் மறந்த வேதக் கோட்பாட்டை, எந்த மதத்தையும் சாராத ஒரு நீதிமன்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல நேர்ந்தது. மதச்சார்பின்மை பக்திக்குப் பகை என்போர் இந்த வழக்கைச் சிந்திக்க வேண்டும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், குரு மக்களை நோக்கித் திரும்பி நின்று தமிழிலே பூசை செய்யும் வழக்கம் வந்தது. 2002-இல் செங்கல்பட்டு தனி மறைமாவட்டமாகி, உத்திரமேரூர்ப் பகுதி அதனுள் அடங்கியது. இம்மறைமாவட்டத்தாருள் பெரும்பாலோர் தலித் மக்கள். அவர்கள் மீதோ இரட்டைப் பாரம் விழுந்திருக்கிறது. 1950-ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் ஜாதியாராக ஏற்றது, 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஞானஸ்நானத்தால் ஜாதி நீங்கிவிடும் என்று அரசு கருதுகிறது. நீங்கவில்லை என்பதை 2008-இல் எறையூர் காட்டிற்று. பாகுபாட்டினால் மனம் நொந்து தங்களுக்கென்று தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கரோடு மற்ற கத்தோலிக்கர் மோதிய கலவரத்தில், போலீசாரின் துப்பாக்கிக்கு இருவர் பலியாயினர். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டு, ஜாதிப் பாகுபாடு பாவம் என்று ஒப்புக்கொண்டது. அந்த ஏட்டை ஒவ்வொரு பங்கிலும் பிரசங்க பீடத்திலிருந்து வாசித்து, கல்லறைத் தோட்டத்திலும் திருவிழாச் சப்பரம் செல்லும் தெருவிலும் நடைமுறைப்படுத்த வேண்டிய பொறுப்பு ஆயர்களுடையது. 1950-ஆம் வருஷத்து ஆணையைத் திருத்த வேண்டிய பொறுப்பு நாடாளுமன்றத்தினுடையது.