கார்வெட்டும் அதைப் பழுது பார்த்தவர்களும்

1941-ஆம் ஆண்டில் ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகை, அமெரிக்க மோட்டார் பட்டறைகளின் நாணயத்தைப் பரீட்சிக்க ஓர் உபாயம் செய்தது. நல்ல நிலையிலிருந்த காரின் இக்னிஷன் காயிலிலிருந்து ஒரே ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு, ஒன்றும் அறியாத பிரயாணிகளைப் போல அதன் சோதனையாளர்கள் ஊர் ஊராகப் போய்ப் பட்டறைகளில் நின்றார்கள். 48 மாகாணங்களில் 347 பட்டறைகளைப் பார்த்து முடித்தபோது, அவற்றில் நூற்றுக்கு 63 பங்கு ஏதேனும் ஒரு விதத்தில் ஏமாற்றின என்பது வெளிப்பட்டது. தொங்குகிற கம்பியை மாட்டிவிட்டுக் காசு வேண்டாமென்று சொன்ன மெக்கானிக்குகளும் இருந்தார்கள். ஏமாற்றிப் பில் போட்டவர்களே அதிகம்.

இந்தப் பரீட்சையை நான் குறை கூறவில்லை. ஆனால் அது நாணயத்தை மட்டுமே அளந்தது என்பதை மறக்கலாகாது. கண்ணுள்ள எவனும் கண்டுபிடிக்கக்கூடிய பழுதை வைத்து மெக்கானிக்கின் மனத்தை அறியலாமே தவிர, அவன் கையை அறிய முடியாது. நாணயம் முழுமையாக இருந்தும் வித்தை போதாமல் போகும் சங்கடம், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, ஷெவர்லே கம்பெனியின் சொந்த டீலர்களிடமே ஒரு காரின் உருவத்தில் வந்து சேர்ந்தது.

1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் கண்காட்சிப் பொருளாக வைக்கப்பட்ட கார்வெட், அதே வருஷம் ஜூன் மாதத்தில் ஃப்ளிண்ட் நகரில் உற்பத்தியாகத் தொடங்கியது. முதல் வருஷத்தில் செய்தவை 300 கார்களே. குடும்பக் கார்களையும் லாரிகளையும் விற்றுப் பழகிய ஆயிரக்கணக்கான ஷெவர்லே டீலர்களிடம்தான் இந்த ஸ்போர்ட்ஸ் காரும் சர்வீஸுக்குப் போயாக வேண்டும் என்ற ஏற்பாட்டில், வண்டியச்சு செய்யும் ஆசாரியிடம் தேர்ச்சக்கரத்தை ஒப்படைப்பது போன்ற ஒரு பொருத்தமின்மை ஆதியிலேயே இருந்தது. அதன் உடல் இரும்புத் தகடன்று, ஃபைபர் கிளாஸ். நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்துவதில் வாழ்நாளைக் கழித்த டிங்கருக்கு, விரிசல் விட்ட ஃபைபர் கிளாஸில் சுத்தியலால் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. மேலும், மற்றக் கார்களில் விளக்கும் ஹாரனும் உடலின் இரும்பையே எர்த்தாகக் கொண்டு வேலை செய்ய, மின்சாரம் பாயாத இந்த உடலில் ஒவ்வொன்றுக்கும் தனி எர்த் வயர் இழுக்க வேண்டியிருந்தது. ஸ்பார்க் பிளக்குகளின் இரைச்சல் ரேடியோவில் புகாதபடி இக்னிஷனுக்கு உலோகக் கவசமும் போடவேண்டியிருந்தது. விளக்கு எரியவில்லையென்று வருகிற காரில் பல்பை மாற்றி, ஃபியூஸை மாற்றி, கடைசியில் கைவிரித்த மெக்கானிக்கை அயோக்கியன் என்று சொல்வது நியாயமாகாது.

உண்மையான சோதனை 1957-இல் வந்தது. அந்த வருஷத்துக் கார்வெட்டுக்கு 283 கன அங்குல வி-8 எஞ்ஜினும், 484 டாலர் அதிகம் கொடுத்தால் கார்புரேட்டருக்குப் பதிலாக ஃப்யூயல் இஞ்ஜெக்‌ஷனும் கிடைத்தன. ஜான் டோல்ஸா, ஜோரா ஆர்க்கஸ்-டன்டாவ் என்ற எஞ்ஜினீயர்கள் உருவாக்கிய இச்சாதனம், தாய்க் கம்பெனியின் ரோச்செஸ்டர் பிரிவினர் தயாரித்தது. இதனுடன் எஞ்ஜினின் அதிகபட்ச சக்தி 283 குதிரைத்திறன், அதாவது கன அங்குலத்துக்கு ஒரு குதிரை என்று விளம்பரங்கள் முழங்கின. அக்காலத்துக்கு இது அபாரமான காரியந்தான். உள்ளே இழுக்கப்படும் காற்றின் அளவை உணர்ந்து அதற்கேற்பப் பெட்ரோலை அளந்து எட்டு நுண்ணிய நாசில்களின் வழியாக இடைவிடாமல் தெளிக்கும் அந்த யந்திரத்தில், மின்னணுவியலின் வாசனையே கிடையாது. எல்லாம் பம்பும், டயஃப்ரமும், நெம்புகோலுமே. பெட்ரோலில் ஓர் அணுவளவு அழுக்கு புகுந்தாலும் நாசில் அடைத்துக்கொள்ளும். எஞ்ஜினின் சூட்டை நாசில்கள் வாங்கிக்கொண்டால், நிறுத்தத்தில் நிற்கும்போது கார் இருமத் தொடங்கும்.

இதைச் சரிசெய்ய அறிந்தவர் டீலர்களிடத்தில் மிகச் சிலரே. அந்த வருஷம் செய்த 6,339 கார்வெட்டுகளில் இஞ்ஜெக்‌ஷன் பொருத்தியவை ஆயிரத்துச் சொச்சமே என்பதால், சிறு நகரத்து மெக்கானிக் ஒருவன் வருஷத்தில் ஒன்றைக் கண்டாலே அதிகம். காணாத யந்திரத்தில் கைப்பழக்கம் எங்கிருந்து வரும்? ஆகவே பலர் கண்ட பரிகாரம், இஞ்ஜெக்‌ஷன் முழுவதையும் கழற்றிப் போட்டுவிட்டு நான்கு பேரல் கார்புரேட்டரை மாட்டிக் கொடுப்பது. கார் ஓடியது; வாடிக்கையாளர் 484 டாலருக்கு வாங்கியது பட்டறையின் மூலையில் கிடந்தது. அப்படிக் கிடந்த சாதனம் ஒன்று முழுமையாக இன்று அகப்பட்டால், 1957-இல் ஒரு கார்வெட்டுக்குக் கொடுத்த 3,176 டாலரைவிட அதிகம் கொடுத்து வாங்குவதற்கு ஆள் இருக்கிறது.

இங்கே கூலி முறையையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க டீலர் பட்டறைகளில் மெக்கானிக்குக்குக் கூலி பெரும்பாலும் அவன் உழைத்த மணிக்காக அன்று. இன்ன வேலைக்கு இத்தனை மணி என்று புத்தகத்தில் அச்சிட்ட கணக்குக்காகவே. பழகிய வேலையைப் புத்தக நேரத்துக்குள் முடிப்பவன் லாபம் பார்ப்பான்; பிடிபடாத கோளாறைத் தேடி அரைநாள் தவம் கிடப்பவன் நஷ்டப்படுவான். கம்பெனி உத்தரவாதத்தின் கீழ் வரும் வேலைக்குக் கம்பெனி வகுத்த நேரமோ, வாடிக்கையாளர் காசு கொடுக்கும் வேலைக்குள்ள நேரத்தைவிட வழக்கமாகக் குறைவு. அரிதான காருக்கு உத்தரவாதத்தில் வருகிற விசித்திரமான கோளாறு, இந்தக் கணக்கில் மெக்கானிக்குக்குத் தண்டனையாகவே வந்து சேரும். ஆராயாமல் சாமானை மாற்றும் வழக்கத்துக்குப் பேராசையைக் காட்டிலும் இந்த ஏற்பாடே பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு விலக்காகச் சில பட்டறைகள் இருந்தன. பென்சில்வேனியாவின் கேனன்ஸ்பர்க்கில் தந்தை நடத்திய ஷெவர்லே ஏஜென்சியைச் சேர்ந்த டான் யென்கோ, தாமே கார்வெட் ஓட்டிப் பந்தயங்களில் வென்றவர். பந்தய வேகத்தில் எது உடையும் என்பதைத் தம் உடம்பால் அறிந்த முதலாளி நிற்கிற பட்டறையில், மெக்கானிக்கும் அந்த வித்தையைக் கற்காமல் இருக்க முடியாது. அருகிலுள்ள டீலரை விட்டு இத்தகைய இடங்களைத் தேடித் தொலைவிலிருந்து கார்கள் வந்தன. இஞ்ஜெக்‌ஷனோ 1965-உடன் நின்றது. அதற்கு 538 டாலர் கேட்டபோது, 293 டாலருக்கே 425 குதிரைத்திறனுள்ள பெரிய எஞ்ஜின் அவ்வருஷம் கிடைத்துவிட்டது. யாருக்கும் புரியாததை யார் வாங்குவார்கள்?

சட்டம் பிறகு வந்தது. கலிபோர்னியாவில் 1971-இல் இயற்றிய சட்டம், எழுத்து மூலமான எஸ்டிமேட் கொடுக்கவும், அதற்கு மேற்பட்ட செலவுக்கு அனுமதி பெறவும், கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டால் திருப்பித் தரவும் பட்டறைகளைக் கட்டாயப்படுத்தியது. 1982-இல் கனெக்டிகட் மாகாணம், நான்கு முறை முயன்றும் கோளாறு தீராத, அல்லது முப்பது நாள் பட்டறையிலேயே கிடந்த புதுக் காருக்கு மாற்றுக் காரோ பணமோ கேட்கும் உரிமையை அளித்தது. 1941-இல் கம்பியைக் கழற்றிவிட்டுப் போன சோதனையாளர்கள் இவற்றைக் கண்டு மகிழ்ந்திருப்பார்கள். கார்வெட்காரருக்கோ பணம் திரும்ப வருவதில் பாதித் திருப்திதான். அவர் வேண்டியது கார் சரியாக ஓடுவது. அதற்கான கையை எந்த மாகாணச் சட்டசபையும் உண்டாக்கித் தர இயலாது.

1990-இல் இசட்ஆர்-1 என்ற கார்வெட் வந்தபோது பழைய கதை பெரிய அளவில் நடந்தது. இங்கிலாந்தின் லோட்டஸ் எஞ்ஜினீயர்கள் வகுத்து, ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரில் படகு எஞ்ஜின்களுக்குப் பிரசித்தி பெற்ற மெர்க்குரி மரீன் ஸ்தாபனம் தயாரித்த எல்டி5 எஞ்ஜினில் நான்கு கேம்ஷாஃப்ட்களும் 32 வால்வுகளும் இருந்தன; சாதாரண ஷெவர்லே வி-8-இல் கேம்ஷாஃப்ட் ஒன்று, வால்வுகள் 16. காரின் அறிவித்த விலை 58,995 டாலர். ஆரம்பத்தில் அதற்கு மேலும் பல்லாயிரம் டாலர் வைத்து விற்ற டீலர்களுக்கு, விற்பதில் காட்டிய ஊக்கம் பழுது பார்ப்பதில் இருந்ததாகச் சொல்வதற்கில்லை. எல்டி5 உற்பத்தி 1993-இல் முடிந்து, கடைசி இரண்டு வருஷக் கார்களுக்கு வேண்டிய எஞ்ஜின்கள் முன்கூட்டியே செய்து வைக்கப்பட்டன. கார் 1995-உடன் நின்றது. அதன்பின் இக்காருடையவர்கள் ஷெவர்லே பலகை தொங்கும் இடங்களில் விசாரிப்பதை விட்டு, எல்டி5-ஐ முழுவதும் பிரித்துக் கோக்கத் தெரிந்த தனி மனிதர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று ஒருவரையொருவர் விசாரித்து, லாரியில் ஏற்றியாவது காரை அங்கே அனுப்பி வைக்கிறார்கள்.