முனைவாக்கிய புரோட்டான் இலக்கு

முனைவாக்கிய புரோட்டான் இலக்கு என்பது, தன்னிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களின் தற்சுழற்சிகள் ஒரு திசையில் மிகுதியாக அமையுமாறு ஒழுங்குபடுத்தப்பட்ட பொருளாகும். கற்றைத் துகள்கள் இதில் மோதி இடப்புறமும் வலப்புறமும் சிதறும் எண்ணிக்கைகளின் வேறுபாட்டைக் கொண்டு, அணுக்கரு விசை தற்சுழற்சியை எவ்வாறு சார்ந்துள்ளது என்பது கணிக்கப்படுகிறது.

வழக்கமான இலக்குகளுக்கு ஏறத்தாழ 1 கெல்வின் அல்லது அதற்கும் குறைந்த வெப்பநிலையும் சில டெஸ்லா காந்தப்புலமும் தேவை. ஹீலியம்-6 போன்ற, ஒரு நொடிக்குள் பாதியாகச் சிதையும் அணுக்கருக்களை இலக்காக வைக்க இயலாமையால், அவையே கற்றையாகப் புரோட்டான்கள்மீது செலுத்தப்படுகின்றன. அப்போது குறைந்த ஆற்றலுடன் பின்னுதைந்து வெளிவரும் புரோட்டான்களின் பாதையை வலிய காந்தப்புலம் பெரிதும் வளைத்துவிடுவதால், அவற்றைக் கண்டறிவது கடினமாகிறது.

இத்தடையைக் கடக்க, ஜப்பானின் ரிக்கன் நிறுவனமும் டோக்கியோ பல்கலைக்கழகமும் சுமார் 0.1 டெஸ்லா புலத்திலும் 100 கெல்வின் வெப்பநிலையிலும் இயங்கும் இலக்கை உருவாக்கின. இதன் அடிப்படை, பாச்சை உருண்டையில் பயன்படும் நாப்தலீனில் மிகச் சிறிதளவு பென்டசீன் கலந்து வளர்க்கப்பட்ட, ஏறத்தாழ 1 மி.மீ. தடிமனுள்ள படிகமாகும். லேசர் ஒளியால் கிளர்வுறும் பென்டசீன் மூலக்கூறு மும்மை நிலை எனப்படும் கிளர்நிலைக்கு மாறும்போது, அதன் எலக்ட்ரான்கள் வெப்பநிலையைப் பெரிதும் சாராமலே முனைவாக்கம் பெறுகின்றன. நுண்ணலைகளைச் செலுத்தியபடி காந்தப்புலத்தைச் சிறிது மாற்றும்போது, அம்முனைவாக்கம் அருகிலுள்ள புரோட்டான்களுக்குக் கடத்தப்படுகிறது.

நியூக்ளியான் ஒன்றுக்கு 71 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுடைய ஹீலியம்-6 கற்றையைக் கொண்டு இம்முறை சோதிக்கப்பட்டது. படிகத்திலுள்ள கார்பன் அணுக்கருக்களின் சிதறலைப் பிரித்து நீக்குவதும், கற்றை விளைக்கும் கதிர்வீச்சுச் சேதத்தால் முனைவாக்கம் குன்றுவதும் இம்முறையின் முதன்மைச் சிக்கல்களாகும்.