தாய்லாந்தில் ஆசிரியர் பணி: ஆறு ஆண்டுக் கணக்கை முதல் ஆண்டிலேயே பாருங்கள்

சென்ற ரமலானுக்குச் சில வாரங்களுக்கு முன் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெரியவர் ஒரு பிளாஸ்டிக் கோப்பைத் தூக்கிக்கொண்டு மதரஸாவுக்கு வந்தார். மகன் தாய்லாந்தில் பள்ளி ஆசிரியர். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அவரோடுதான் இருந்தார்கள். "ஹஜ்ரத், பிள்ளைக்கு துஆ செய்யுங்க. ஆறு வருஷம் நல்லாத்தான் இருந்தான். இப்ப பள்ளிக்கூடத்துல இனி புதுப்பிக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்களாம்" என்றார்.

துஆ செய்தேன். பிறகு கோப்பைப் பிரித்தேன். பாஸ்போர்ட் நகலில் விசா முத்திரை ஒழுங்காக இருந்தது. வேலை அனுமதிப் புத்தகமும் ஒழுங்காக இருந்தது. சிக்கல் மூன்றாவது காகிதத்தில். அது தாய் மொழியில் இருந்த ஒரு கடிதம். அது என்னவென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆறு ஆண்டுகளாக மகனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பள்ளி அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார். அந்தக் கடிதத்துக்குத்தான் வரம்பு உண்டு. மற்ற இரண்டையும் வேலை இருக்கும்வரை புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

நம் மக்களுக்குத் தாய்லாந்து புதிய ஊர் அல்ல. காயல்பட்டினத்தார் பாங்காக்கில் நவரத்தின வணிகம் செய்வது பல தலைமுறைப் பழக்கம். அதனால் "விசாதானே, வருஷா வருஷம் நீட்டிக்கொள்ளலாம்" என்று உறவினர்கள் தைரியம் சொல்லிவிடுகிறார்கள். வணிகருக்கு அது சரி. ஆசிரியருக்கு அதற்கு மேலும் ஒரு வாசல் இருக்கிறது.

மூன்று காகிதங்கள், மூன்று அலுவலகங்கள்

பள்ளியில் வேலைக்குச் செல்பவர் 'நான்-இமிகிரன்ட் பி' என்ற விசாவில் நுழைய வேண்டும். அது முதலில் 90 நாள் தங்க அனுமதி தரும். அதற்குள் பள்ளி உரிய ஆவணங்களைக் கொடுத்தால் குடியேற்ற அலுவலகம் ஓராண்டுக்கு நீட்டித்துத் தரும். கட்டணம் 1,900 பாட். இது முதல் காகிதம்.

இரண்டாவது வொர்க் பெர்மிட். இது தொழிலாளர் அமைச்சகத்தின் வேலைவாய்ப்புத் துறை தருவது. 2017-ல் வந்து 2018-ல் திருத்தப்பட்ட வெளிநாட்டினர் வேலை நிர்வாகச் சட்டம் இதை ஆள்கிறது. இது இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், பிறகு நாடு கடத்தல். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு மறுபடி வேலை அனுமதி கேட்கவும் முடியாது. வேலை கொடுத்தவருக்கு ஓர் ஆளுக்கு 10,000 முதல் 1,00,000 பாட் வரை அபராதம். "டூரிஸ்ட் விசாவில் வந்து சேருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம், அதுவரை வகுப்பு எடுங்கள்" என்று சொல்லும் ஏஜென்டுகளை நம்புகிறவர்கள் இந்த எண்களை ஒருமுறை வாசித்துவிட்டுப் பணம் கட்டட்டும்.

மூன்றாவதுதான் நமது விஷயம். தாய்லாந்தில் ஆசிரியர் தொழிலை ஆளும் அமைப்பின் பெயர் 'குருசபா'. தமிழ் காதுக்கு அந்நியமாகவே படாத பெயர், குருவும் சபாவும் சேர்ந்ததுதான். அங்கே ஆசிரியரை 'க்ரூ' என்றே அழைக்கிறார்கள். 1945-ல் தொடங்கிய இந்தச் சபை, 2003-ல் வந்த சட்டத்தின்படி மாற்றியமைக்கப்பட்டது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் எவருக்கும், தாய் நாட்டவரோ வெளிநாட்டவரோ, இந்தச் சபையின் தொழில் உரிமம் வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை.

உரிமம் இல்லாத வெளிநாட்டு ஆசிரியரை என்ன செய்வது? பள்ளிகளுக்கு ஆங்கிலமும் அறிவியலும் நடத்த ஆள் வேண்டும். ஆகவே சபை ஒரு தற்காலிக அனுமதி தருகிறது. பட்டம் இருந்தால் போதும், அது கல்வியியல் பட்டமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு தடவைக்கு இரண்டு ஆண்டு. வழக்கமாக மூன்று தடவை. அதாவது ஆறு ஆண்டு. அந்தப் பெரியவரின் கோப்பில் இருந்தது மூன்றாவது தடவைக் கடிதம்.

நான்காவது தடவை கிடைக்கவே கிடைக்காதா என்று கேட்பார்கள். உரிமம் பெறுவதற்கான படிப்பில் இருக்கிறேன், இத்தனை பாடம் முடித்துவிட்டேன் என்று சான்றோடு காட்டியவர்களுக்குச் சபை கருணை காட்டியது உண்டு. ஆனால் அது உரிமையாகக் கேட்டு வாங்கும் பொருள் அல்ல. ஆறாம் ஆண்டின் கடைசி மாதத்தில் போய் "இனிமேல் படிக்கிறேன்" என்று சொல்பவருக்கு அங்கே பேச்சுக்கு இடமில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்த அனுமதி பள்ளி விண்ணப்பித்து, அந்தப் பள்ளிக்காக வாங்குவது. ஒன்றரை ஆண்டில் சம்பளம் கூடுதல் என்று வேறு பள்ளிக்குத் தாவினால், புதிய பள்ளி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பழைய அனுமதியில் மிச்சமிருக்கும் மாதங்கள் கூட வராது. அடிக்கடி பள்ளி மாறுகிறவருக்கு ஆறு ஆண்டு என்ற கணக்கு அதனாலேயே சுருங்கிவிடக்கூடும். எனவே கடிதத்தின் நகலை முதல் நாளிலேயே கேட்டு வாங்குங்கள். இது எத்தனையாவது தடவை, எந்தத் தேதிவரை என்பதை ஒரு தாய் நண்பரை வைத்து வாசித்துக் குறித்துக்கொள்ளுங்கள். தேதி பார்க்கும்போது ஒரு சிறு எச்சரிக்கை: அங்கே அரசுக் காகிதங்களில் புத்த ஆண்டு எழுதுவார்கள். 2569 என்று இருந்தால் 543-ஐக் கழித்து 2026 என்று படிக்க வேண்டும்.

எல்லாப் பாடம் நடத்துவோருக்கும் இது பொருந்தாது. பல்கலைக்கழகத்தில் பட்ட வகுப்பு எடுப்பவர்கள் இந்த உரிமச் சட்டத்துக்கு வெளியே. மொழிப் பயிற்சி நிலையங்களும் அப்படித்தான். ஆறு ஆண்டு முடிந்த சிலர் மொழி நிலையங்களுக்குப் போய்விடுவதற்கு இதுதான் காரணம். ஆனால் மாலையும் வாரக் கடைசியும் வேலை, பள்ளி விடுமுறை கிடையாது. குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு அது எல்லாருக்கும் ஒத்துவராது.

நமது பி.எட். போதுமா?

இங்கேதான் நம் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். "என்னிடம் பி.எட். இருக்கிறது, எனக்கென்ன" என்று போகிறார்கள். சட்டம் கேட்பது இரண்டு: கல்வியியல் பட்டம் அல்லது அதற்கு இணையான தகுதி ஒன்று, குறைந்தது ஓராண்டுக் கற்பித்தல் பயிற்சி மற்றொன்று. நம் நாட்டில் 2014 விதிமுறைக்குப் பின் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. அதில் பள்ளிப் பயிற்சி 20 வாரம். ஓராண்டுக்கும் 20 வாரத்துக்கும் இடையே இருக்கும் பள்ளத்தை எப்படி நிரப்புவது என்பதுதான் கேள்வி. தற்காலிக அனுமதியில் இருக்கும் முதல் ஆண்டிலேயே பள்ளி முதல்வரிடம் பேசி, வகுப்புப் பார்வையிடல், மதிப்பீடு ஆகியவற்றை முறையாகப் பதிவு செய்யச் சொல்வது பின்னால் பயன்படும். எந்த வடிவத்தில் இருந்தால் ஏற்பார்கள் என்பதைச் சபையிடமே எழுத்தில் கேளுங்கள். சக ஆசிரியர் சொன்னார் என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

பி.எட். இல்லாமல் எம்.ஏ., எம்.எஸ்சி. மட்டும் வைத்திருப்பவர்களுக்கு நேரான வழி, கல்வியியலில் ஒரு பட்டமோ முதுநிலை டிப்ளமோவோ படிப்பது. அண்மைக் காலத்தில் ஏழு பாடப் பகுதிகள் கொண்ட ஒரு பயிற்சியையும் சபை வைத்திருக்கிறது. எதுவானாலும் பணம் கட்டுமுன் அந்தக் குறிப்பிட்ட படிப்பை, அந்தக் குறிப்பிட்ட நிறுவனத்தில், சபை ஏற்குமா என்று கேட்டுவிட வேண்டும். உரிமம் கிடைத்துவிட்டால் அது ஐந்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். தற்காலிக அனுமதியின் எண்ணிக்கைக் கவலை அதோடு தீர்ந்தது.

சான்றிதழ்களையும் ஊரிலேயே தயார் செய்துகொண்டு போங்கள். பட்டச் சான்றுக்கு மாநில அரசின் சரிபார்ப்பு, அதன்பின் நம் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, காவல்துறை நன்னடத்தைச் சான்று ஆகியவை. மதிப்பெண் பட்டியல்கள் அத்தனையும் வேண்டும். ஆங்கிலம் நடத்தப் போகிறவரானால் டோயிக் அல்லது ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணும் கேட்பார்கள். ஆங்கில வழியிலேயே படித்தவர்களாக இருந்தாலும் நாம் அவர்கள் கணக்கில் தாய்மொழி ஆங்கிலத்தார் அல்ல. தாய்லாந்தில் இருந்துகொண்டு இவற்றைக் கூரியரில் அனுப்பி வாங்குவதற்குள் ஒரு பருவம் போய்விடும்.

மார்க்கக் கல்வி கற்பிக்கச் செல்லும் ஆலிம்களும் என்னிடம் கேட்கிறார்கள். பட்டானி, யாலா, நராத்திவாட் பகுதியில் மார்க்கப் பாடமும் அரசுப் பாடத்திட்டமும் சேர்ந்து நடக்கும் தனியார் இஸ்லாமியப் பள்ளிகள் நிறைய உண்டு. அங்கே ஆங்கிலமோ கணிதமோ நடத்தச் செல்பவர் மேலே சொன்ன பாதையில்தான் வருவார். இமாமத், மார்க்கப் பணி என்று செல்பவருக்கு 'நான்-இமிகிரன்ட் ஆர்' என்ற தனி விசா இருக்கிறது. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதைச் செய்யக் கூடாது. அந்த எல்லை மாகாணங்களில் 2004 முதல் பதற்றம் நிலவுவதால் காகிதச் சோதனையும் அங்கே இறுக்கம். இதை யோசிக்காமல் "முஸ்லிம் ஊர்தானே" என்று கிளம்புவது சரியில்லை.

வேலை முடியும் நாள்

பெரியவரின் மகனுக்கு நேர்ந்தது இதுதான். வேலையின் பேரில் வாங்கிய விசா நீட்டிப்பு, வேலை முடியும் நாளோடு முடிந்துவிடும். பாஸ்போர்ட்டில் இன்னும் நான்கு மாதம் இருப்பதாக முத்திரை சொல்லும். அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. குடியேற்ற அலுவலகத்துக்குப் போய் 1,900 பாட் கட்டினால் கிளம்புவதற்காக 7 நாள் தருவார்கள். மனைவி மக்கள் 'ஓ' வகை விசாவில் அவரைச் சார்ந்து இருப்பவர்கள். அவருடையது முடிந்தால் அவர்களுடையதும் முடிந்தது. ஏழு நாளில் வீட்டைக் காலி செய்து, பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ் வாங்கி, முன்பணத்தைத் திரும்பக் கேட்டு, நான்கு டிக்கெட் எடுப்பது எவ்வளவு சிரமம் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டு முன்பணம் கடைசிவரை வரவில்லை.

கெடு தாண்டித் தங்கினால் நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட். பணத்தோடு முடிந்தால் பரவாயில்லை. 2016 மார்ச் முதல் நுழைவுத் தடையும் உண்டு. 90 நாளுக்கு மேல் தங்கிவிட்டுத் தானாக வெளியேறினால் ஓராண்டு, ஓராண்டுக்கு மேல் தங்கியிருந்தால் மூன்று ஆண்டு, அதற்கு மேல் ஐந்து, பத்து என்று ஏறும். தானாகப் போகாமல் பிடிபட்டால் ஒரு வருடத்துக்குக் குறைவான தாமதத்துக்கே ஐந்து ஆண்டுத் தடை. வேறு பள்ளி கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் சில வாரம் தள்ளிப் போடுகிறவர்கள் இதில் சிக்குகிறார்கள்.

நாட்டில் இருக்கும்போதும் சின்னச் சின்னக் கடமைகள் உண்டு. 90 நாளுக்கு ஒருமுறை முகவரி அறிவிக்க வேண்டும். கெடுவுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்புவரை அவகாசம், தவறினால் அபராதம் 2,000 பாட். ஊருக்கு வந்து போகும்போது ரீ-என்ட்ரி பெர்மிட் இல்லாமல் விமானம் ஏறினால் இருக்கும் நீட்டிப்பு அத்தோடு ரத்து. ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட். பெருநாளுக்கோ ஜனாஸாவுக்கோ திடீரென்று கிளம்ப வேண்டி வரும் என்பதால், நம்மவர்கள் பலமுறைக்கானதை வாங்கி வைத்துக்கொள்வதே நல்லது.

மகனைத் தாய்லாந்துப் பள்ளிக்கு அனுப்பியிருக்கும் பெற்றோர்கள் இன்றிரவு போனில் பேசும்போது மூன்று கேள்வி கேட்கட்டும்: குருசபாக் கடிதம் கையில் இருக்கிறதா, அது எத்தனையாவது, உரிமத்துக்கு என்ன செய்திருக்கிறாய். முதல் இரண்டு ஆண்டுக்குள் இருப்பவருக்கு நேரம் தாராளமாக இருக்கிறது. நான்காம் ஆண்டில் இருப்பவர் இந்தப் பருவமே ஏதாவது படிப்பில் சேர்ந்தாக வேண்டும். ஐந்தரை ஆண்டில் இருப்பவர் பள்ளி நிர்வாகத்திடம் நேராக உட்கார்ந்து பேசி, ஒப்பந்தம் முடியும் தேதிக்கு முன்னரே பிள்ளைகளின் படிப்புக்கும் ஊர் திரும்புவதற்கும் ஏற்பாடு செய்துகொள்வது குறைந்த சேதம்.

அந்தப் பெரியவரின் மகன் இப்போது ஊரில் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறார். வயது முப்பத்தெட்டு. வகுப்பில் எல்லாரும் தம்பி தங்கைகள். இன்ஷா அல்லாஹ் முடித்தபின் மறுபடி போவதா, இங்கேயே இருப்பதா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. பள்ளிப் பயிற்சிக்குப் போகும் நாட்களின் பதிவேட்டை மட்டும் தேதி, கையெழுத்து, முத்திரையோடு தனிக் கோப்பில் வைத்துக்கொண்டு வருகிறார்.